ஹோஸ்டிங் விக்கறதுக்கு கூகுள் ஆட்ஸ்ல காசு போடலாமா?

ரீசெல்லர் ஹோஸ்டிங் (வெப்சைட் வைக்கற சர்வர் இடத்த மொத்தமா வாங்கி பிரிச்சு விக்கறது) வாங்கியாச்சு, டபிள்யூஎச்எம்சிஎஸ் (ஆர்டரும் பில்லும் பாத்துக்கற சாஃப்ட்வேர்) போட்டாச்சு, மூணு ப்ளானுக்கு அழகா ஒரு விலைப்பட்டியலும் வச்சாச்சு, ஆனா சைட்டுக்கு ஆளே வரலன்னு உக்காந்திருக்கறவங்க அடுத்து கேக்கற கேள்வி எப்பவும் ஒண்ணுதான், கூகுள்ல விளம்பரம் போட்டா ஓடுமா? "வெப் ஹோஸ்டிங்"னு பொதுவா தேடறவங்களப் பிடிக்க சின்ன கம்பெனி காசு போட்டா பெரும்பாலும் ஓடாது. வேற சில இடத்துல போட்டா நல்லாவே ஓடும். க்ளிக் எவ்வளவுங்கறதுல இந்த வித்தியாசம் இல்ல, வர்ற கஸ்டமர் எத்தனை வருஷம் உங்ககிட்ட இருப்பார், அதுவரைக்கும் உங்க கையில எவ்வளவு நிக்கும்ங்கறதுலதான் இருக்கு. அந்தக் கணக்கப் போடாமலே கூகுள் தர்ற "இவ்வளவு செலவு பண்ணா இவ்வளவு கிரெடிட் ஃப்ரீ" கூப்பன நம்பி இறங்கிடறாங்க, அதனால முதல்ல இருந்தே பாத்துடுவோம்.

பே பெர் க்ளிக்னா, உங்க விளம்பரத்த காட்டினதுக்கு காசு இல்ல, யாராவது அத அமுக்கி உங்க சைட்டுக்கு வந்தாத்தான் காசு. வந்தவர் வாங்கினாரா இல்ல ரெண்டு செகண்ட்ல ஓடிட்டாராங்கறது உங்க பாடு. தேடல் ரிசல்ட்ல இருக்கற இடத்த இப்படி ஏலம் விடற ஐடியாவ 1998-ல பெருசா கொண்டு வந்தது கோட்டூ டாட் காம், பில் கிராஸ்ங்கறவர் ஆரம்பிச்சது. அங்க யார் அதிகம் குடுக்கறாங்களோ அவங்க மேல, அவ்வளவுதான் சட்டம். அது பின்னாடி ஓவர்ச்சர்னு பேர் மாறி 2003-ல யாகூ கைக்குப் போயிடுச்சு. கூகுள் 2000-ல ஆட்வேர்ட்ஸ் ஆரம்பிச்சப்ப ஆயிரம் தடவை காட்டினா இவ்வளவுன்னுதான் வாங்கினாங்க, 2002-ல க்ளிக் ஏலத்துக்கு வந்தாங்க, ஆனா அதுல ஒரு திருப்பம் வச்சாங்க. காசு மட்டும் பத்தாது, உங்க விளம்பரத்த ஜனங்க அமுக்கறாங்களாங்கறதயும் சேத்துதான் யார் மேலன்னு முடிவு பண்ணுவோம்னுட்டாங்க. 2018-ல பேர் கூகுள் ஆட்ஸ்னு மாறுச்சு, இந்த அடிப்படை மாறல.

ஒரு சின்ன கணக்கு. நீங்க க்ளிக்குக்கு 40 ரூபா வரைக்கும் தரேன்னு சொல்றீங்க, உங்க விளம்பரத் தரத்துக்கு 10-க்கு 8 கிடைச்சிருக்குன்னு வச்சுப்போம், பெருக்கினா 320. இன்னொருத்தர் 60 ரூபா தரேங்கறார், ஆனா அவர் தரம் 4 தான், அப்ப 240. மேல வர்றது நீங்க. அதுவும் முழு 40 கட்ட வேண்டியதில்ல, அவரத் தாண்ட எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும், 240-ஐ உங்க 8-ஆல வகுத்தா 30 வருது, அதுக்கு மேல கொஞ்சம் சில்லறை. இன்னைக்கு கூகுள் உள்ள போடற கணக்கு இதவிட சிக்கல், தேடறவர் எந்த ஊரு, என்ன போன், என்ன நேரம்னு நிறைய சேருது, மேல வர்றதுக்கே ஒரு குறைஞ்சபட்ச தகுதின்னும் ஒண்ணு இருக்கு, ஆனா புரிஞ்சுக்க இது போதும். தரம்னு அவங்க பாக்கறது மூணு விஷயம், உங்க விளம்பரத்த அமுக்குவாங்களாங்கற எதிர்பார்ப்பு, தேடினதுக்கும் விளம்பரத்துக்கும் சம்பந்தம் இருக்கா, வந்து இறங்கற பக்கம் எப்படி இருக்கு. ஹோஸ்டிங் கம்பெனியோட சொந்த சைட்டே ஏழு செகண்ட் எடுத்து லோடு ஆகறத நான் பாத்திருக்கேன், அந்த வேகத்த காட்டி ஹோஸ்டிங் விக்கணும்னா கஷ்டந்தான்.

சரி, அப்ப நல்லா எழுதினா சின்னவனும் மேல வந்துடலாமே? மத்த தொழில்ல ஓரளவுக்கு உண்மை. ஹோஸ்டிங்ல எதிர்ல நிக்கறவங்க யாருன்னு பாருங்க. கோடாடி, ஹோஸ்டிங்கர், பிளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், பிக்ராக். இதுல கடைசி மூணும் ஒரே முதலாளியோடது, எண்டூரன்ஸ்னு இருந்த கம்பெனி 2012-ல ஹோஸ்ட்கேட்டர வாங்குச்சு, 2014-ல நம்ம ஊரு பிக்ராக்கையும் ரீசெல்லர்கிளப்பையும் வாங்குச்சு, 2021-ல வெப் டாட் காமோட சேந்து நியூஃபோல்ட் டிஜிட்டல்னு ஆச்சு. கூகுள் 2016-ல வலது பக்க விளம்பரத்த எடுத்துட்டதால மேல அதிகபட்சம் நாலு இடம்தான். அந்த நாலுக்கு இவங்க எல்லாரும் அடிச்சுக்கறாங்க, இவங்க விளம்பரம் எழுதறதுக்குன்னே ஆள் வச்சிருக்கறவங்க, தரத்துலயும் சோடை போக மாட்டாங்க.

அவங்களால எப்படி அவ்வளவு குடுக்க முடியுது

இங்கதான் விஷயமே இருக்கு. கீழ வர்ற எண்ணெல்லாம் புரியறதுக்காக நான் வச்சுக்கிட்டது, உங்க கீவேர்டுக்கு (எந்த வார்த்தைய தேடினா விளம்பரம் வரணுமோ அது) நிஜத்துல என்ன ரேட்டுன்னு கூகுளோட கீவேர்ட் பிளானர்லயே பாக்கலாம், மேல வர்றதுக்கு குறைஞ்சது இவ்வளவு, அதிகம் இவ்வளவுன்னு ரெண்டு எண் காட்டும்.

வருஷத்துக்கு 1,800 ரூபா ப்ளான் ஒண்ணு விக்கறீங்க. சர்வர்ல அதோட பங்கு, சிபேனல் (கஸ்டமர் தன் சைட்ட பாத்துக்கற கன்ட்ரோல் பேனல்) லைசன்ஸ், பேமென்ட் கேட்வே பிடிக்கறது, சப்போர்ட்டுக்கு ஆகற நேரம் எல்லாம் சேத்து 500 போனா கையில 1,300 நிக்கும். (சிபேனல் 2019-ல ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும் காசுன்னு விலைய மாத்தினதுல இருந்து இந்த 500-ஐ குறைக்கறது சின்னவங்களுக்கு ரொம்ப கஷ்டம்.) க்ளிக் 40 ரூபா, வர்ற 100 பேர்ல 2 பேர் வாங்கறாங்கன்னா 4,000 ரூபாய்க்கு 2 கஸ்டமர், ஒருத்தருக்கு 2,000. முதல் வருஷமே 700 ரூபா நஷ்டத்துல ஆரம்பிக்கறீங்க. ரெண்டாவது வருஷம் 100-க்கு 70 பேர் ரினியூ பண்றாங்கன்னா சராசரியா ஒருத்தருக்கு 910 வருது, இப்பதான் 210 ரூபா லாபத்துக்கு வந்திருக்கீங்க. மூணாவது வருஷம் அதுல திரும்ப 70 சதவீதம், 637. மூணு வருஷம் முடிஞ்சா ஒரு கஸ்டமருக்கு 847 ரூபா லாபம்.

பேப்பர்ல பாக்க ஓகேன்னுதான் தோணும். ஆனா 100 கஸ்டமர் பிடிச்சா 70,000 ரூபா ஒரு வருஷம் மாட்டிக்கிட்டு நிக்குது, அது உங்க கைக்காசு. அதே கணக்குல 100-க்கு 2 பேர் வாங்கறதுக்கு பதிலா 1 ஆள்தான் வாங்கறார்னு மட்டும் மாத்திப் பாருங்க, ஒருத்தரப் பிடிக்க 4,000, மூணு வருஷத்துல மொத்தமா நிக்கறது 2,847, அப்ப போட்டத எடுத்து வெளிய வரவே எட்டு வருஷம் ஆகும். புது கம்பெனி, பேர் தெரியாது, ரிவ்யூ இல்ல, ஆளே இல்லாத லைவ் சாட் வேறன்னா 2-ங்கறது ஆசைதான், 1-தான் நிஜத்துக்குப் பக்கம். இதுக்கு மேல "டொமைன் ஃப்ரீ"ன்னு வேற போடுவோம். டாட் காம் டொமைனோட ஹோல்சேல் விலையே 2024 செப்டம்பர்ல 10.26 டாலர் ஆச்சு, டாட் காம நடத்தற வெரிசைன் கம்பெனி வச்ச ரேட்டு, அதுல யாரும் குறைக்க முடியாது, நம்ம காசுல 850 ரூபாய்க்கு மேல. அந்த 1,300-ல இருந்து அதயும் கழிச்சுப் பாருங்க.

ஜிஎஸ்டியும் உண்டு. கூகுள் இந்தியா பில்லுல 18 சதவீதம் சேரும், நீங்க ஜிஎஸ்டி எடுத்திருந்தா இன்புட்ல எடுத்துக்கலாம், எடுக்கலன்னா உங்க 40 ரூபா க்ளிக் 47 ரூபா 20 காசு.

இப்ப பெரிய ஆளுங்க கணக்க பாருங்க. விளம்பரத்துல மாசம் இவ்வளவுதான்னு ஒரு குட்டி எண்ணப் போடுவாங்க, உள்ள போனா 3 வருஷம் 4 வருஷம் மொத்தமா கட்டினாத்தான் அந்த விலை, ரினியூவல் அப்ப ரெண்டு மடங்கோ அதுக்கு மேலயோ. இத பல பேர் ஏமாத்துன்னு திட்டறாங்க, அது ஒரு பக்கம் இருக்கட்டும், விளம்பரக் கணக்கா பாத்தா இது ரொம்ப புத்திசாலித்தனம். க்ளிக் பண்ண அன்னைக்கே நாலு வருஷக் காசு கைக்கு வந்துடுது, நாம ரெண்டாவது வருஷ ரினியூவலுக்கு காத்திட்டிருக்கறப்ப அவங்க அந்தக் காச எடுத்து அடுத்த க்ளிக்க வாங்கிட்டாங்க. அப்புறம் செக்கவுட்ல பேக்கப் வேணுமா, செக்யூரிட்டி வேணுமா, ஈமெயில் வேணுமா, சில கம்பெனில முன்கூட்டியே டிக் போட்டே வச்சிருப்பாங்க. ஆடித் தள்ளுபடில ஒரு பெட்ஷீட்ட நஷ்டத்துக்குக் குடுத்து ஆள உள்ள கொண்டுவர்ற கதைதான்.

அவங்க ஒரு கஸ்டமர எவ்வளவு மதிக்கறாங்கங்கறது ரகசியமும் இல்ல. பிளூஹோஸ்ட் ரொம்ப வருஷமா அஃபிலியேட் (கமிஷனுக்கு ஆள் அனுப்பறவர்) மூலமா வர்ற ஒரு சேலுக்கு 65 டாலர் தரோம்னு வெளிப்படையாவே போட்டிருந்தாங்க. அதாவது மாசம் சில டாலர் கட்டற ஒரு ஆளக் கூட்டிட்டு வந்தா 5,000 ரூபாய்க்கு மேல தூக்கிக் குடுத்தாலும் கட்டுப்படியாகுதுன்னு அவங்க கணக்கு சொல்லுது. அதே காச அவங்க கூகுள் ஏலத்துலயும் வைக்க முடியும். உங்களால ஒருத்தருக்கு 2,000 தாண்ட முடியல, அவங்களால 5,000 முடியுது, இதுல பிட் (ஏலத் தொகை) எப்படி வைக்கணும்னு டிப்ஸ் படிச்சு என்ன ஆகப்போகுது.

காசு எங்க ஒழுகும்

போட்டி ஒரு பக்கம்னா, வர்ற க்ளிக்லயே பாதி சம்பந்தமில்லாம இருக்கும், அது இந்த தொழிலோட ஸ்பெஷல் தொல்லை. கூகுள் ஆட்ஸ்ல சர்ச் டேர்ம்ஸ்னு ஒரு ரிப்போர்ட் இருக்கு, நீங்க குடுத்த கீவேர்ட் என்ன, ஆள் நிஜமா டைப் பண்ணது என்னன்னு அதுல தெரியும். ஹோஸ்டிங் கம்பெனியோட ரிப்போர்ட்ட முதல் வாரம் திறந்து பாத்தீங்கன்னா "ஃப்ரீ வெப் ஹோஸ்டிங்", "வெப் ஹோஸ்டிங்னா என்ன", "வெப் ஹோஸ்டிங் டைப்ஸ் பிபிடி" (இது காலேஜ் பசங்க, அசைன்மென்ட்), "சிபேனல் லாகின்", "ஹோஸ்டிங் ஜாப்ஸ் சென்னை", "ஈவன்ட் ஹோஸ்டிங்", வேற கம்பெனியோட கஸ்டமர் கேர் நம்பர்னு வரிசையா நிக்கும். சிபேனல் லாகின் தேடறவர் ஏற்கனவே யார்கிட்டயோ ஹோஸ்டிங் வச்சிருக்கார், லாகின் பக்கம்னு நினைச்சு முதல்ல தெரிஞ்ச உங்க விளம்பரத்த அமுக்கிட்டார், உங்களுக்கு 40 ரூபா போச்சு.

இது நடக்கறதுக்குக் காரணம் பிராட் மேட்ச். கீவேர்ட சும்மா அப்படியே டைப் பண்ணா அது பிராட்டாத்தான் எடுத்துக்கும், அதோட சம்பந்தப்பட்டதுன்னு கூகுள் நினைக்கற எதுக்கு வேணா காட்டும். மேற்கோள் குறிக்குள்ள போட்டா ஃப்ரேஸ் மேட்ச், சதுர அடைப்புக்குறிக்குள்ள போட்டா எக்ஸாக்ட் மேட்ச். ஆரம்பத்துல எக்ஸாக்ட்டும் ஃப்ரேஸும் மட்டும் வச்சுக்கோங்க. கூடவே நெகட்டிவ் கீவேர்ட் லிஸ்ட், அதாவது இந்த வார்த்தை இருந்தா என் விளம்பரத்த காட்டாதன்னு சொல்றது. ஃப்ரீ, லாகின், ஜாப்ஸ், கோர்ஸ், பிபிடி, மீனிங், டுடோரியல், க்ராக், நல்ட் (திருட்டு காப்பி சாஃப்ட்வேர் தேடறவங்க போடற வார்த்தை), இதெல்லாம் முதல் நாளே போட்டுடணும், அப்புறம் வாராவாரம் அந்த ரிப்போர்ட்ட பாத்து சேத்துக்கிட்டே போகணும். தமிழ் எழுத்துலயும் தேடறாங்க, 2018-ல இருந்து தமிழ்லயும் விளம்பரம் குடுக்கலாம், க்ளிக் விலை குறைவாவும் இருக்கும், ஆனா "வெப் ஹோஸ்டிங் தமிழ்"னு தேடறவர் அநேகமா வீடியோ பாத்து கத்துக்க வந்தவர், வாங்க வந்தவர் இல்ல.

செட்டிங்ஸ்ல இன்னும் சில ஓட்டை உண்டு. சர்ச் கேம்பெய்ன்னு நினைச்சு ஆரம்பிப்பீங்க, டிஸ்ப்ளே நெட்வொர்க்கும் (மத்த சைட்டுங்கள்ல வர்ற விளம்பரம்) சர்ச் பார்ட்னர்ஸும் (கூகுளோட கூட்டு வச்ச மத்த தேடல் சைட்) டிக் போட்டே வரும், ரெண்டையும் எடுத்துடுங்க. ஊரு தமிழ்நாடுன்னு குடுத்தாலும் டீஃபால்ட்டா தமிழ்நாட்டுல இருக்கறவங்களோட தமிழ்நாட்டு மேல "ஆர்வம் காட்டறவங்க"ளயும் சேத்துக்கும், அவங்க உலகத்துல எங்க வேணா இருக்கலாம், இருக்கறவங்க மட்டும்னு மாத்தணும். தினசரி பட்ஜெட் 500-னு வச்சா ஒரு நாள்ல 1,000 வரைக்கும் கூட போகும், பயந்துடாதீங்க, மாசக் கணக்குல 500-ஐ 30.4-ஆல பெருக்கினதத் தாண்டாது. ரெகமெண்டேஷன்ஸ தானாவே அப்ளை பண்ணிக்கோன்னு ஒரு ஆப்ஷன், அத ஆஃப் பண்ணிடுங்க, அதுல வர்ற யோசனைல பல, உங்க செலவ கூட்டறதுலதான் போய் முடியும்.

போட்டிக் கம்பெனிக்காரன் உக்காந்து க்ளிக் பண்ணிக் காலி பண்ணிடுவானோன்னு எல்லாரும் பயப்படறாங்க. அப்படி நடக்கறது உண்டு, 2006-ல அமெரிக்காவுல இந்த மாதிரி ஒரு வழக்குல கூகுள் 9 கோடி டாலர் வரைக்கும் செட்டில் பண்ணாங்க. இப்ப சந்தேகமான க்ளிக்க அவங்களே வடிகட்டி கழிச்சுடறாங்க, எல்லாத்தயும் இல்ல, ஆனா சிபேனல் லாகின் ஆளுங்களால போற காசுக்கு முன்னாடி இது சின்ன விஷயம்.

வேண்டாத கஸ்டமர்

இத யாரும் ஆரம்பத்துல சொல்றதில்ல. துணிக்கடைக்கோ டியூஷன் சென்டருக்கோ விளம்பரம் பண்ணா மோசமா போனா ஆள் வரல, அவ்வளவுதான். ஹோஸ்டிங்ல ஆள் வந்தும் நஷ்டம் வரும். திருட்டு கார்டுல ஆர்டர் போட்டு, அரை மணி நேரத்துல பேங்க் லாகின் மாதிரி ஒரு பிஷிங் பக்கத்த ஏத்திட்டு, இல்ல ஆயிரக்கணக்குல ஸ்பேம் மெயில் அடிச்சுட்டுப் போறவங்களுக்கு "இன்ஸ்டன்ட் ஆக்டிவேஷன், சீப் ஹோஸ்டிங்"னு விளம்பரம் பண்ற புதுக் கம்பெனிதான் வேணும், ஏன்னா பெரிய கம்பெனில ஃபில்டர் கடுமையா இருக்கும். கார்டோட நிஜ சொந்தக்காரர் சார்ஜ்பேக் (இது என் செலவு இல்லன்னு பேங்க்ல புகார்) போட்டா காசு திரும்பப் போயிடும், கேட்வே அதுக்கு தனியா ஒரு கட்டணம் பிடிக்கலாம், க்ளிக்குக்கு குடுத்தது ஏற்கனவே போச்சு. அதவிட மோசம், உங்க ஷேர்டு ஐபி (எல்லா கஸ்டமருக்கும் பொதுவான சர்வர் முகவரி) ஸ்பேம்ஹவுஸ் மாதிரி பிளாக்லிஸ்ட்ல ஏறிட்டா ஒழுங்கா காசு கட்டற அம்பது கஸ்டமரோட மெயிலும் ஜிமெயிலுக்குப் போய்ச் சேராது, காலைல ஒன்பது மணிக்கு எல்லாரும் போன் அடிப்பாங்க.

இது விளம்பரத்தயும் கெடுக்கும், எப்படின்னா, கூகுளோட ஸ்மார்ட் பிட்டிங் (ஏலத் தொகைய தானாவே வைக்கற முறை) எந்த மாதிரி ஆள் வாங்கறாங்கன்னு பாத்து அதே மாதிரி ஆளுங்களுக்கு அதிகமா காட்டும். ஆர்டர் முடிஞ்ச பக்கத்துல கன்வர்ஷன் கோட (இவர் வாங்கிட்டார்னு கூகுளுக்கு சொல்றது) வச்சிருந்தீங்கன்னா கூகுளுக்கு பிஷிங் பண்றவனும் கஸ்டமர்தான், காசே கட்டாம இன்வாய்ஸ அப்படியே விட்டுட்டுப் போனவரும் கஸ்டமர்தான். சரி இந்த மாதிரி ஆளுங்கதான் உங்களுக்கு பிடிக்கும் போலன்னு இன்னும் தேடித்தேடி கூட்டிட்டு வரும், டாஷ்போர்டுல கன்வர்ஷன் ஏறும், பேங்க்ல ஏறாது.

அதனால கன்வர்ஷன்னு கணக்கு வைக்கறது ஆர்டர இல்ல, பணம் கட்டி சில நாள் சஸ்பெண்ட் ஆகாம இருக்கற அக்கவுண்ட்ட. வழி இருக்கு. விளம்பரத்த அமுக்கி வர்ற ஒவ்வொருத்தர் லிங்க் கடைசிலயும் கூகுள் ஒரு க்ளிக் ஐடி ஒட்டி அனுப்பும், அத பிடிச்சு டபிள்யூஎச்எம்சிஎஸ்ல கிளையண்ட் கஸ்டம் ஃபீல்டு ஒண்ணுல சேமிச்சுக்கணும், ஒரு வாரமோ பத்து நாளோ கழிச்சு நல்ல கஸ்டமரோட ஐடிய மட்டும் கூகுள் ஆட்ஸுக்கு ஆஃப்லைன் கன்வர்ஷனா ஏத்தணும். கொஞ்சம் டெவலப்பர் வேலை, ஒரு நாள் ஆகும், ஆனா நான் எந்த ஹோஸ்டிங் அக்கவுண்ட்ட எடுத்தாலும் முதல்ல கேக்கறது இதத்தான். பில்லிங் தனி சப்டொமைன்ல இருந்தா சைட்ல இருந்து அங்க தாவறப்ப அந்த ஐடி தொலையாம பாத்துக்கணும். ஃபிராடு செக் பண்ண டபிள்யூஎச்எம்சிஎஸ்லயே மேக்ஸ்மைண்ட், ஃபிராட்லேப்ஸ் ப்ரோ மாதிரி மாட்யூல் இருக்கு, விளம்பரம் போடறதுக்கு முன்னாடி ஆன் பண்ணிடுங்க. யூபிஐல வர்ற ஆர்டர்ல இந்தத் தொல்லை குறைவு, வெளிநாட்டு கார்டுலதான் அதிகம், அந்த ஆர்டர கையால பாத்து அப்ரூவ் பண்ணா போதும், இன்ஸ்டன்ட் ஆக்டிவேஷன் இல்லன்னு நல்ல கஸ்டமர் யாரும் கோச்சுக்க மாட்டார்.

எங்க போட்டா வரும்

கணக்க திருப்பிப் போடுங்க. க்ளிக் விலைய உங்களால குறைக்க முடியாது, அப்ப ஒரு கஸ்டமர்கிட்ட நிக்கற காசு அதிகமா இருக்கற, அவர் சுலபமா வேற இடத்துக்குப் போகாத சரக்குக்கு மட்டும் விளம்பரம் போடணும்.

நல்ல உதாரணம் டேலி ஆன் கிளவுட். ஒரு டிரேடிங் கம்பெனி, கடை ஒரு இடம், குடோன் ஒரு இடம், ஆடிட்டர் ஆபீஸ் இன்னொரு இடம், மூணு இடத்துல இருந்தும் ஒரே டேலி கம்பெனிய திறக்கணும். அவங்க லைசன்ஸ் அவங்களோடது, நீங்க விண்டோஸ் சர்வர் ஒண்ணுல போட்டு ரிமோட் ஆப்பா குடுக்கறீங்க, யூசருக்கு மாசம் இவ்வளவுன்னு வாங்கறீங்க. ரிமோட் டெஸ்க்டாப்புக்கு மைக்ரோசாஃப்ட் லைசன்ஸ் யூசர் கணக்குல கட்டணும், அத மறந்துட்டு விலை வச்சவங்க உண்டு, அதயும் கழிச்சே பாருங்க. நாலு யூசர் கம்பெனி ஒண்ணு எல்லாம் போக மாசம் 1,200 ரூபா தந்தாலும், க்ளிக் 80 ரூபா, 100-ல ஒருத்தர்தான் வாங்கறார், அதாவது ஒருத்தரப் பிடிக்க 8,000 ஆச்சுன்னே வச்சாலும், ஏழு மாசத்துல போட்டது திரும்பி வந்துடுது. அதுக்கப்புறம் அவர் போக மாட்டார், டேட்டா அங்க இருக்கு, ஆடிட்டருக்கு பழகிடுச்சு, மாத்தறதுன்னா அக்கவுண்டன்ட் ஒத்துக்க மாட்டாங்க. தேடறவரும் காலேஜ் பையன் இல்ல, "டேலி ஆன் கிளவுட் பிரைஸ்"னு டைப் பண்றவர் வாங்கத்தான் டைப் பண்றார். இதே குணம் மேனேஜ்டு விபிஎஸ் (நாமளே பாத்துக்கற தனி விர்ச்சுவல் சர்வர்), பிசினஸ் ஈமெயில், வூகாமர்ஸ் ஆன்லைன் கடைக்கான ஹோஸ்டிங்னு இன்னும் சிலதுல இருக்கு.

இன்னொரு வகை, அவசரத்துல தேடறவங்க. "வேர்ட்பிரஸ் சைட் ஹேக் ஆயிடுச்சு", "வெப்சைட் சஸ்பெண்டட்", "ஹோஸ்டிங் மைக்ரேஷன் சர்வீஸ்". இவங்களுக்கு விலை ரெண்டாவது, இப்பவே யாராவது போன் எடுக்கணும். பெரிய கம்பெனி ஜெயிக்கற இடம் விலை, தோக்கற இடம் இதுதான். விளம்பரத்துல போன் நம்பர் சேக்கலாம், நீங்க ஆபீஸ்ல இருக்கற நேரத்துக்கு மட்டும் விளம்பரம் ஓடற மாதிரி ஷெட்யூல் வைக்கலாம், தமிழ்ல பேசுவோம், ஜிஎஸ்டி பில் தருவோம், சைட்ட நாங்களே மாத்தித் தருவோம்னு எழுதுங்க. ஈரோட்டுல மொத்த வியாபாரம் பண்றவருக்கு "99.9 சதவீதம் அப்டைம்"ங்கறது காதுல விழவே விழாது, அத எல்லாரும்தான் போடறாங்க.

உங்க கம்பெனி பேரையே கீவேர்டா வைக்கறது ரொம்ப மலிவு, உங்க பேர தேடினா போட்டிக்காரன் விளம்பரம் மேல வருதுன்னா மட்டும் வைங்க, இல்லன்னா தேவையில்ல. அவங்க பேர நீங்க கீவேர்டா வைக்கறதப் பத்தி 2023-ல டெல்லி ஹைகோர்ட் ரெண்டு வழக்குல சொன்னது, கீவேர்டா வச்சதாலயே டிரேட்மார்க் மீறல்னு ஆயிடாது, வாங்கறவர குழப்பினா மீறல். அதனால விளம்பர வாசகத்துல அவங்க பேரப் போடாதீங்க. லாபம் பெருசா இருக்காது எப்படியும், அந்தப் பேர தேடறவர்ல பாதி லாகின் பண்ண வந்தவர். மைக்ரோசாஃப்ட் ஆட்ஸயும் ஒரு பார்வை பாருங்க, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எட்ஜ் பிரவுசரோட பிங்தான் வருது, பல பேர் மாத்தறதே இல்ல, க்ளிக் பொதுவா மலிவு, ஆனா ஆள் கூட்டம் கம்மி. டேலி மாதிரி ஆபீஸ் சரக்குக்கு அது பொருந்தும்.

சோதனை பண்ணிப் பாக்க எவ்வளவு வைக்கணும்னா, 4,000 ரூபா போட்டு 100 க்ளிக் வந்து ஒருத்தரும் வாங்கலன்னு மூடிடறது தப்பு. 100-க்கு 2 பேர் வாங்கற நல்ல பக்கமா இருந்தாலும் ஏதோ ஒரு 100-ல ஒருத்தர் கூட வாங்காம போக சுமார் 13 சதவீத வாய்ப்பு இருக்கு, கணக்குப்படியே. அதே 300 க்ளிக்ல ஒண்ணும் வரலன்னா அது துரதிர்ஷ்டம் இல்ல, பக்கத்துலயோ விலைலயோ கோளாறு. அதனால ஒரே ஒரு சரக்கு, அதுக்குன்னு தனியா ஒரு பக்கம், அஞ்சாறு எக்ஸாக்ட் கீவேர்ட், 300 க்ளிக்குக்கு ஆகற காசு, இவ்வளவு எடுத்து வச்சுட்டு ஆரம்பிங்க. அந்தக் காசு போனா சம்பளம் நிக்கும்னா ஆரம்பிக்காதீங்க, அதுக்கு பதிலா உங்க ஊரு வெப் டிசைனர் பத்து பேருக்கு ரினியூவல்லயும் கமிஷன் தரேன்னு சொல்லுங்க, ஷேர்டு ஹோஸ்டிங் சின்ன கம்பெனிக்கு இன்னைக்கும் அப்படித்தான் ஓடுது.

போட்டவங்க பதிமூணாவது மாசம் கட்டாயம் ஒரு ரிப்போர்ட் எடுங்க. எந்த கீவேர்ட்ல வந்தவர்னு கிளையண்ட் ஃபீல்டுல பதிஞ்சிருப்பீங்க இல்லயா, ரினியூவல் இன்வாய்ஸ் கட்டினவங்கள அந்த கீவேர்ட் வாரியா பிரிச்சுப் பாருங்க. "சீப் ஹோஸ்டிங்", "ஹோஸ்டிங் கூப்பன்"ல வந்தவங்க அநேகமா அடுத்த கூப்பனத் தேடிப் போயிருப்பாங்க, கூகுள் டாஷ்போர்டுல அந்த கீவேர்டுதான் மலிவுன்னு பச்சையா காட்டிக்கிட்டு இருக்கும், அத நிறுத்தி வைங்க.